எழுத்து ஜெர்மன்

சீனி குறைவென்றால் சொல்லுங்கள், லக்ஷன். வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் சீனி குறைத்துத்தான் தேநீர் குடிப்பார்கள் என்று சுதாஜினி தானாகவே முடிவு செய்துவிட்டாள். என் மனைவிக்கு அந்தப் பழக்கம் உண்டு. மற்றவர்களுக்கு எது நல்லது என்று அவர்களைக் கேட்காமலே தீர்மானிப்பாள். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை.

உங்கள் கேள்வி நியாயமானது. கல்யாணம் முடிந்த கையோடு ஜெர்மனிக்குத் திரும்பிப் போனவர் நீங்கள். மனைவியை அங்கே கூப்பிட வேண்டுமானால் அவள் ஒரு சின்ன ஜெர்மன் பரீட்சையில் சித்தியடைய வேண்டும். பெரிதாக ஒன்றுமில்லை. பெயரைச் சொல்ல வேண்டும், எங்கே இருக்கிறாய் என்றால் சொல்ல வேண்டும், காலையில் என்ன குடிப்பாய் என்றால் சொல்ல வேண்டும். அதில் தேனுகா இரண்டு முறை தவறினாள். ஏன் என்று அவளுடைய கணவர் இந்தப் பரந்தன் ஊர் வரை வந்து என்னைக் கேட்பதில் பிழையில்லை. அவள் குசினியில் சுதாஜினியோடு கதைத்துக்கொண்டிருக்கட்டும். நான் வரிசையாகச் சொல்கிறேன்.

வரிசை என்று பார்த்தால் முதலில் வருவது நீங்கள்தான். குற்றமாகச் சொல்லவில்லை. கப்பல் பார்சலில் சொக்லேட், சவர்க்காரம், குளிர்ச்சட்டை எல்லாவற்றோடும் ஒரு பெரிய பெட்டியையும் வைத்து அனுப்பியவர் நீங்கள். உங்களோடு வேலை செய்யும் ஒருவர் வீடு மாறும்போது வேண்டாமென்று விட்டுப்போன விளையாட்டு என்றும், விசா வரும்வரை தேனுகாவுக்குப் பொழுது போகும் என்றும் சொன்னீர்களாம். அவள் அதைச் சைக்கிள் கரியரில் வைத்து, பழைய ரியூப்பால் இறுக்கிக் கட்டி, உருத்திரபுரத்திலிருந்து சந்தியிலுள்ள என் போட்டோக்கொப்பிக் கடைக்குக் கொண்டுவந்தாள்.

ஏன் என்னிடம் என்று கேட்பீர்கள். அதற்குச் சில வாரங்களுக்கு முன் விசாப் படிவம் நிரப்ப வந்திருந்தாள். அதில் ஜெர்மனில் இருந்த ஒரு சொல்லைப் பார்த்து, "உதில குடும்பப் பெயரை எழுதுங்கோ" என்றேன். அது சரியாக இருந்தது. ஒருகாலத்தில் நானும் ஜெர்மனிக்குப் போக நினைத்து வகுப்புக்குச் சேர்ந்தவன். மூன்றாவது வாரத்தில் எங்கள் ஆசிரியருக்கே விசா கிடைத்துவிட்டது. அவர் போனார், வகுப்பும் போனது. எனக்கு மிஞ்சியது பத்து வரையான இலக்கங்களும் கிழமை நாட்களும் அந்தக் குடும்பப் பெயரும்தான்.

கடை மேசையில் பெட்டியைத் திறந்தோம். நான் இந்த வயதுக்கு அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. கைவிரல் உயரத்தில் நூற்றுக்கணக்கான பிளாஸ்ரிக் உருவங்கள். கோடரி பிடித்த தாடிக்காரன், போத்தல் ஏந்திய பெண், கொம்பு வைத்த பூதங்கள். ஒன்றோடொன்று கொழுவிப் பெரிய வரைபடமாக்கும் தடித்த மட்டைகள். சின்னச் சின்னக் கதவுகள். கட்டுக்கட்டாக அட்டைகள். கலர் கலராகத் தாயக்கட்டைகள். எல்லாவற்றுக்கும் கீழே பள்ளிக்கூடப் புத்தகம் அளவுக்கு ஒரு சட்டப் புத்தகம். முழுவதும் ஜெர்மன்.

"அண்ணை, உங்களுக்கு ஜெர்மன் தெரியுமெல்லோ. உதை எப்பிடி விளையாடுறதெண்டு வாசிச்சுச் சொல்லுங்கோவன்" என்றாள் தேனுகா.

நான் தெரியும் என்று சொல்லவில்லை. "பாப்பம்" என்றேன். அதுவரை நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டினேன். படம் தெளிவாக இருக்கும் இடத்தில் மொழி அவ்வளவு தேவைப்படாது. ஒவ்வொருவரும் ஒரு வீரராக மாறி, அந்த வீரரின் பெயரில் கதைத்து, அந்த வீரரின் கோபதாபத்தோடு, இருண்ட சுரங்கங்களுக்குள் போய்ப் பூதங்களோடு சண்டையிட வேண்டும். இவ்வளவும் படத்திலேயே இருந்தது. இல்லாததை நான் நிரப்பினேன். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு தலைவர் வேண்டும், அவர் அந்த உலகத்தை நடத்துவார், பூதங்கள் அவர் சொல்வதைக் கேட்கும், அவருடைய தீர்ப்பே கடைசித் தீர்ப்பு என்று மொழிபெயர்த்தேன். கேட்டவர்களுக்கு ஒன்பதாம் பக்கத்தைக் காட்டினேன். அது பெட்டிக்குள் மட்டைகளை எப்படி அடுக்குவது என்று சொல்லும் பக்கம் என்பது எனக்கு அப்போது தெரியாது. நாலு பேர் இல்லாமல் விளையாடக் கூடாது என்பதையும் அதே பக்கத்திலிருந்துதான் வாசித்தேன்.

அந்த நாலு பேர் யாரென்றால், தலைவராக நான், போத்தல் ஏந்திய வைத்தியப் பெண்ணாகத் தேனுகா, பிறகு விஜிதரன், குகதாசன் அண்ணை. விஜிதரன் நெல் அறுவடை மெசின் ஓட்டும் இளம் பெடியன். குகதாசன் அண்ணை கூட்டுறவுக் கடை மனேஜர், ஓய்வுபெறும் வயது. ஞாயிறு பின்னேரங்களில் இந்த வீட்டு விறாந்தையில்தான் விளையாட்டு. மேசை போதாமல், பழைய கதவொன்றைக் கழற்றி இரண்டு தண்ணீர்ப் பீப்பாய்களின் மேல் போட்டேன். அது குளியலறைக் கதவு என்பதில் சுதாஜினிக்கு இன்றுவரை மனவருத்தம் உண்டு.

விஜிதரன் எதையும் போனில் பார்க்காமல் நம்பாதவன். முதல் ஞாயிறே கமராவைப் புத்தகத்துக்கு மேல் பிடித்தான். போன் தமிழில் காட்டியதை உரக்க வாசித்தான். "உன் கையை எறிந்துவிட்டு நீண்ட ஓய்வு எடு."

குகதாசன் அண்ணை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "கையை எறிஞ்சாப் பிறகு நீண்ட ஓய்வுதானே தம்பி. ஆசுப்பத்திரியில."

விஜிதரன் போனைச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டான். பிறகு எடுக்கவில்லை. கையில் உள்ள அட்டைகளை ஒதுக்கிவைத்துவிட்டு ஒரு சுற்று ஓய்வெடுக்க வேண்டும் என்பது அந்த விளையாட்டின் உண்மையான சட்டம். போன் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. ஆனால் அன்று அந்தப் போன்தான் என்னை ஜெர்மன் தெரிந்தவனாக்கியது.

சில மாதங்களில் பெட்டியில் இருந்த பூதங்கள் பழகிவிட்டன. அட்டையடிக்கக் கடையில் தடித்த தாள் இருந்தது, லாமினேற் மெசின் இருந்தது. நானே பூதங்கள் செய்யத் தொடங்கினேன். அறுவடைக்கால மழை என்று ஓர் அட்டை. அது வந்தால் எல்லோரும் சேர்த்ததெல்லாம் போய்விடும். விஜிதரன் அந்த அட்டையைக் கையால் தொடவே மாட்டான். வீட்டுக்கூரை ஓடு உடைக்கும் குரங்குக் கூட்டம் என்று ஒன்று. அதற்கு உருவமாகப் புளியங்கொட்டைகளுக்கு வால் ஒட்டினேன். எல்லாவற்றிலும் பேர் போனது அரசாங்கக் கந்தோர் வாசல் காவலாளி. பழைய ஸ்பார்க் பிளக் ஒன்றுக்கு நீல மையால் சட்டை கீறிச் செய்தது. அவனை வெட்ட முடியாது, எரிக்க முடியாது. அவனிடம் போகும் வீரர் "நாளைக்கு வாங்கோ" என்று எழுதிய அட்டையை வாங்கிக்கொண்டு தொடங்கிய இடத்துக்கே திரும்ப வேண்டும். குகதாசன் அண்ணை ஒருநாள் அந்த அட்டையைத் தொடர்ந்து வாங்கி வாங்கி, கண் கலங்கி, "உண்மையில இப்பிடித்தான் தம்பி" என்றார். ஒரு படைப்பாளிக்கு அதைவிட என்ன வேண்டும்.

வீட்டுச் சட்டங்களும் கூடின. பிந்தி வருபவரின் வீரர் காயத்தோடு தொடங்குவார். தலைவர் தேநீர் குடிக்கும்போது பூதங்களைத் தாக்கக் கூடாது. தலைவரோடு வாதாடுபவர் ஓர் உயிர் இழப்பார். விஜிதரனின் முதல் நாலு வீரர்களும் பூதத்தால் சாகவில்லை. வாதாடிச் செத்தவர்கள். ஐந்தாவது வீரனோடு அவன் மரியாதை பழகிவிட்டான். எல்லோரும் தோற்றுக்கொண்டே இருந்தார்கள், ஆனால் ஒரு ஞாயிறும் தவறாமல் வந்தார்கள்.

இப்படி எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் தேனுகா கிளிநொச்சி ரவுணில் ஜெர்மன் வகுப்புக்குப் போகத் தொடங்கினாள். ராஜினி ரீச்சர் என்று ஒருவர் படிப்பிக்கிறார். நல்லாகப் படிப்பிக்கிறார் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அவரோடு தனிப்பட்ட பகை எதுவும் இல்லை.

ஒரு ஞாயிறு, ஆட்டம் நடுவில் இருக்கும்போது, தேனுகா தாயக்கட்டையை உருட்டாமல் கையில் வைத்துப் பார்த்தாள்.

"அண்ணை, வூர்ஃபெல் எண்டா உந்தத் தாயக்கட்டையாம். ரீச்சரைக் கேட்டனான். நீங்கள் வூர்ஃபெல் எண்டா உயிர் எண்டெல்லோ சொன்னனீங்கள்?"

விஜிதரனும் குகதாசன் அண்ணையும் என்னைப் பார்த்தார்கள். அந்தச் சொல் ஏறக்குறைய எல்லா அட்டையிலும் இருந்தது. இரண்டு கட்டை உருட்டச் சொன்ன இடமெல்லாம் நான் அவர்களிடமிருந்து இரண்டு உயிர் எடுத்திருந்தேன்.

நான் பதற்றப்படவில்லை. "தங்கச்சி, வீட்டில நீங்கள் என்னெண்டு கதைப்பியள்? வாறன் எண்டு. புத்தகத்தில என்னெண்டு இருக்கும்? வருகிறேன் எண்டு. ஜெர்மனும் அப்பிடித்தான். ரீச்சர் படிப்பிக்கிறது பேச்சு ஜெர்மன். உதில இருக்கிறது எழுத்து ஜெர்மன்."

அவள் யோசித்தாள். "அப்ப பரீட்சையில எதைக் கேப்பினம்?"

"பரீட்சையில ஆரும் பேச்சுத் தமிழ் எழுதுறவையோ?"

"அதெண்டா ஓம்" என்றார் குகதாசன் அண்ணை. அவர் அந்தக் காலத்தில் தமிழில் விசேட சித்தி பெற்றவர். அவர் தலையாட்டியதும் விஷயம் முடிந்துவிட்டது.

அடுத்த வாரம் தேனுகா வகுப்பை விட்டுவிட்டு, என்னிடம் எழுத்து ஜெர்மன் படிக்க வரலாமா என்று கேட்டாள். நான் அவளைக் கூப்பிடவில்லை. அவளாகத்தான் கேட்டாள். ஒரு சதமும் வாங்காமல், கடையில் போட்டோக்கொப்பி அடிக்கும் இடைவெளிகளில் படிப்பித்தேன்.

பாடப்புத்தகம் உங்கள் பெட்டிதான். புத்தகத்தின் ஒவ்வொரு பகுதியும் தடித்த எழுத்தில் அஹ்துங் என்று தொடங்கும். எதுவும் வணக்கத்தோடுதானே தொடங்கும், ஆகவே அஹ்துங் என்றால் வணக்கம். கல்லால் கட்டிய அறைகளின் படத்துக்குக் கீழே ஃபெர்லீஸ் என்று இருந்தது. அது வீடு. போத்தலின் படத்துக்குக் கீழே ஹைல்ட்ராங்க். அது தேநீர். தாடிக்காரனின் கீழே ட்ஸ்வெர்க். அது ஆண்மகன், அதாவது கணவர். மரப்பெட்டியின் கீழே ஷாட்ஸ். அது பெட்டி. சந்தேகப்படுவதற்கு இதில் என்ன இருக்கிறது.

நீங்கள் இருவரும் தொலைபேசியில் பிரச்சினைப்பட்டது இந்தக் காலத்தில்தான். நீங்கள் அவளை அன்பாக ஷாட்ஸ் என்று கூப்பிட்டிருக்கிறீர்கள். அவள் என்னிடம் வந்து, "அண்ணை, இவர் என்னைப் பெட்டி, பெட்டி எண்டு கூப்பிடுறார். நான் அப்பிடியோ இருக்கிறன்?" என்று அழுதாள். நீங்கள் சாப்பாட்டுக் கடையில் வேலை செய்தபோது பழகிய பேச்சு ஜெர்மனாக இருக்கும், மனதில் வைக்க வேண்டாம் என்று ஆறுதல் சொல்லி அனுப்பினேன். அவளும் மனதைத் தேற்றிக்கொண்டு, உங்களை எழுத்து ஜெர்மனில் "என் ட்ஸ்வெர்க்" என்று கூப்பிட்டாள். அது குள்ளன் என்ற சொல் என்பதும், நீங்கள் ஒரு கிழமை போனை எடுக்கவில்லை என்பதும் எனக்குப் பிறகுதான் தெரியும். நீங்கள் உயரத்தில் கொஞ்சம் குறைவு என்பதும் எனக்கு அப்போது தெரியாது. தேனுகா காட்டிய படத்தில் கதிரையில் இருந்தீர்கள்.

முதல் பரீட்சையில் தவறினாள். ரீச்சரிடம் படித்ததும் என்னிடம் படித்ததும் கலந்துவிட்டது. அந்த முறை தவறியதில் பாதிப் பொறுப்பு ராஜினி ரீச்சருடையது என்பது என் அபிப்பிராயம். அதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

அவள் அழுத முகத்தோடு வந்து நின்றபோது எனக்கும் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. கடையைப் பூட்டிவிட்டு இருந்து, என் போனில் ஒவ்வொரு சொல்லாகத் தட்டிப் பார்த்தேன். வூர்ஃபெல் தாயக்கட்டைதான். அஹ்துங் என்றால் கவனம், ஆபத்து. ஃபெர்லீஸ் என்றால் நிலத்தடிச் சிறை. ஹைல்ட்ராங்க் காயம் ஆற்றும் மருந்து. ஷாட்ஸ் என்றால் புதையல், பிரியமானவர்களையும் அப்படிக் கூப்பிடுவார்களாம். அந்த இடத்தில் கொஞ்ச நேரம் போனைக் கீழே வைத்துவிட்டேன். உங்களை நினைத்துக் கவலையாக இருந்தது.

அடுத்த பாடத்துக்கு அவள் வந்து, "அண்ணை, முதல்ல இருந்து ஒருக்கா எல்லாத்தையும் சொல்லுங்கோ. நான் கவனமில்லாமப் படிச்சிட்டன் போல" என்றாள்.

முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அஹ்துங் என்றால் வணக்கம். ஃபெர்லீஸ் என்றால் வீடு.

இதைத்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். முதல் முறை எனக்குத் தெரியாது. இரண்டாம் முறை தெரியும்.

இரண்டாவது பரீட்சை கொழும்பில் எப்படி நடந்தது என்று தேனுகா எல்லோருக்கும் முன்னால் சொன்னபோதுதான் நானும் கேட்டேன். உள்ளே போனதும் பரீட்சகர் அம்மாவைப் பார்த்து, கை கூப்பி, "அஹ்துங்" என்றிருக்கிறாள். அந்த அம்மா நிமிர்ந்து கூரையைப் பார்த்தாராம், ஏதோ விழப்போகிறது என்று. எங்கே வசிக்கிறீர்கள் என்றதற்கு நிலத்தடிச் சிறையில் என்றாள். யாரோடு என்றதற்கு, தனியாக, என்னுடைய குள்ளன் ஜெர்மனியில் இருக்கிறான் என்றாள். காலையில் என்ன குடிப்பீர்கள் என்றதற்குக் காயம் ஆற்றும் மருந்து, சீனி போட்டு என்றாள். அந்த அம்மா பேனையை வைத்துவிட்டு, கதிரையை முன்னுக்கு இழுத்து, மெதுவாக ஆங்கிலத்தில், "உங்களை யாராவது அடைத்து வைத்திருக்கிறார்களா? பயப்படாமல் சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறார். அங்கேதான் தேனுகாவுக்கு எல்லாம் வெளித்தது. ஆனால் உச்சரிப்பு மிகத் தெளிவாக இருந்தது என்று அந்த அம்மா சொன்னாராம். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கொழும்பிலிருந்து திரும்பியவள் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. கடைக்கு முன்போலவே பாடத்துக்கு வந்தாள், ஞாயிறுகளில் முன்போலவே வைத்தியப் பெண்ணாக விளையாடினாள். நான் ஹைல்ட்ராங்க் என்றால் "தேத்தண்ணி" என்றாள். சனிக்கிழமைகளில் மறுபடியும் ராஜினி ரீச்சரிடம் போனது எனக்குத் தெரியாது. புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து உங்களுக்கு அனுப்பியதும், நீங்கள் வேலை முடிந்து வந்து தமிழில் சொல்லி அனுப்பியதும் தெரியாது. மூன்றாம் முறை பரீட்சை எடுத்துச் சித்தியடைந்ததும் தெரியாது. இப்படி நெஞ்சுக்குள் ஒன்றை வைத்துக்கொண்டு வெளியே சிரித்துப் பழகுபவர்களை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் பயம்தான்.

பிறகு வந்த ஞாயிறு, எல்லோரும் இருந்ததும், அவள் பையிலிருந்து ஆளுக்கொரு கட்டுத் தாள் எடுத்து வைத்தாள். நீங்கள் மொழிபெயர்த்த சட்டங்கள், ரைப் செய்து, பிரதி எடுத்து, கரையில் கிளிப் அடித்தவை. வேறொரு கடையில் பிரதி எடுத்திருந்தாள். எழுத்து மங்கல். அது எனக்கு வலித்தது.

அவளே வாசித்தாள். "விளையாடுபவர்கள் ஒன்று முதல் நான்கு பேர் வரை. தலைவர் எவரும் இல்லை. விளையாடுபவர்கள் எல்லோரும் ஒரே பக்கம். பூதங்களை அட்டைகளே நடத்தும்."

குகதாசன் அண்ணை தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பத் தாளைப் பார்த்தார்.

"அப்ப இவர் ஆர்?" என்று கேட்டார்.

"இவருக்குப் புத்தகத்தில இடமில்லை அண்ணை" என்றாள் தேனுகா.

விஜிதரன் கதவுமேசையில் இரண்டு கையையும் ஊன்றி எழுந்தான். "அப்ப நான் வாதாடிச் செத்ததெல்லாம்?"

"அதுவும் இல்லை."

"ஒருக்காவும் சாகத் தேவையில்லையோ?"

"நீ ஒருக்காவும் சாகேல்ல, விஜி. உன்னைச் சாகடிச்சது இவர்."

விஜிதரன் என்னோடு வாதாட வாயைத் திறந்து, பழக்கதோஷத்தில் மூடி, பிறகு இனி உயிர் போகாது என்பது நினைவுக்கு வந்து திறந்தான். அவன் சொன்னதை நான் இங்கே சொல்ல விரும்பவில்லை. குசினியில் பெண்கள் இருக்கிறார்கள்.

அதற்குப் பிறகுதான் தேனுகா பரீட்சைக் கதையைச் சொன்னாள். அழாமல், குரல் உயர்த்தாமல் சொன்னாள். சிறையும் குள்ளனும் வந்த இடத்தில் விஜிதரனுக்குச் சிரிப்பு வந்தது. அவளுடைய முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். குகதாசன் அண்ணை சிரிக்கவில்லை. அன்று தான் தலையாட்டியதை நினைத்துக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். கடைசியில், "தங்கச்சி, என்னை மன்னியுங்கோ. அந்தாள் சொன்னது தமிழுக்குச் சரியாத்தான் இருந்தது" என்றார்.

எனக்குத் தீர்ப்பும் அன்றே சொன்னார்கள். தலைவர் கதிரை இனி இல்லை. நானும் ஒரு வீரராக அவர்களுடைய பக்கத்தில் நின்று விளையாடலாம். எந்த வீரர் என்று கேட்டேன். தேனுகா பெட்டிக்குள் கையை விட்டுத் தாடிக்காரக் குள்ளனை எடுத்து என் முன்னால் வைத்தாள். மூன்றாவது சுற்றிலேயே செத்துப்போனேன். என்னைக் குணப்படுத்த அவளிடம் மருந்து இருந்தது. அவள் அதைத் தனக்கு வைத்துக்கொண்டாள். புத்தகத்தின்படி அது அவளுடைய உரிமை.

ஒரு விஷயத்தையும் உங்களுக்குச் சொல்ல வேண்டும். புத்தகத்துச் சட்டத்தின்படி இரண்டு ஞாயிறு விளையாடிய பிறகு, கந்தோர்க் காவலாளியை மட்டும் திரும்ப எடுக்கலாமா என்று கேட்டவர் குகதாசன் அண்ணை. அறுவடைக்கால மழையைக் கேட்டவன் விஜிதரன். ஜெர்மன்காரர் செய்த பூதங்கள் நெருப்பைத்தான் கக்கும், அவற்றைப் பார்த்தால் பயம் வருவதில்லை என்றான். ஆக, நான் செய்ததெல்லாம் தவறென்று அவர்களும் நினைக்கவில்லை.

இனி, ஏன் என்ற கேள்வி. நீங்கள் வந்ததிலிருந்து என்னை ஒரு விதமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். தேனுகா மேல் எனக்கு ஏதோ ஒரு நினைப்பு என்றுதானே. அதை என் வாயால் மறுத்தால் நம்பமாட்டீர்கள். கொஞ்சம் பொறுங்கள், சுதாஜினியைக் கேட்போம்.

கேட்டீர்களா. "தம்பி, உந்தப் பயம் உங்களுக்கு வேண்டாம். உவருக்கு மனிசரில ஆசையில்லை, உந்த மட்டையளிலதான். என்ர பிறந்த நாளுக்கு ஒரு சட்டைத்துணி எடுத்துத் தராத மனிசன், ஒவ்வொரு பூதத்துக்கும் வெல்வெற்றில உறை தைச்சவர்." அவள் சொன்னதில் ஒரு சொல் பிழையில்லை. வெல்வெற் அல்ல, அது சற்றின் துணி. மற்றதெல்லாம் சரி.

நாலு பேர் வேண்டும், ஒருவர் போனால் ஆட்டம் குலைந்துவிடும் என்பதற்காகச் செய்தேன் என்று நெடுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அதுவும் இல்லை. ஒன்று முதல் நாலு என்று பெட்டியின் பக்கத்திலேயே இலக்கத்தில் போட்டிருக்கிறது. இலக்கம் வாசிக்க எனக்குத் தெரியும்.

காரணம் பெட்டி. அது தேனுகாவுடையது. அவள் ஜெர்மனிக்குப் போனால் பெட்டியும் அவளோடு போகும். இங்கே எந்தக் கடையில் அப்படி ஒன்று வாங்க முடியும்? நான் செய்த பூதங்கள் நிற்பதற்கு நிலம் அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது. அது போனால் காவலாளி வெறும் ஸ்பார்க் பிளக், மழை வெறும் லாமினேற் செய்த தாள். ஆகவே அவள் போகாமல் இருப்பது நல்லது என்று முடிவெடுத்தேன். அவளைக் கேட்கவில்லை. இரண்டாம் முறை தெரிந்தே பிழையாகப் படிப்பித்தேன். மூன்றாம் முறைக்கும் அப்படியே படிப்பித்துக்கொண்டிருந்தேன். அவள் கண்டுபிடிக்காமல் விட்டிருந்தால் நாலாம் முறைக்கும் படிப்பித்திருப்பேன். ஒரு பெட்டிக்காகவா என்று கேட்காதீர்கள். பெட்டி என்று சொன்னால் சின்னதாகத்தான் கேட்கும்.

இன்று நீங்கள் இருவரும் விடைபெற வருகிறீர்கள் என்றதும், பெட்டிக்குள் எல்லாவற்றையும் ஒன்பதாம் பக்கத்தில் உள்ளபடி அடுக்கி, துடைத்து, கயிறு போட்டுக் கட்டி வைத்தேன். நீங்கள் வெளியே மோட்டார் சைக்கிளை மரநிழலில் விட்டுக்கொண்டிருந்தபோது தேனுகா முதலில் உள்ளே வந்தாள்.

"என்னத்துக்கண்ணை உதைக் கட்டி வைச்சிருக்கிறியள்?"

"கொண்டுபோகத்தானே."

அவள் சிரித்துவிட்டாள். "பிளேனிலயோ? உது தனிய பத்துக் கிலோ வரும். மிளகாய்த்தூளும் ஒடியல்மாவும் வைக்கவே எனக்கு இடமில்லை. நான் போகேக்க உங்களிட்டயே விட்டிட்டுப் போறதெண்டுதான் உது வந்த அண்டே நினைச்சனான்."

மிகச் சாதாரணமாகச் சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள். நான் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே யோசித்தேன். இப்போதும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அந்த ஒரு வசனத்தை அவள் தொடக்கத்திலேயே என்னிடம் சொல்லியிருந்தால், இரண்டாம் முறையே சித்தியடைந்து எப்போதோ உங்களிடம் வந்து சேர்ந்திருப்பாள். உங்களுக்கும் இவ்வளவு மன உளைச்சல் இல்லை, எனக்கும் இவ்வளவு வேலை இல்லை. இத்தனை பேர் கஷ்டப்பட்ட ஒரு விஷயத்தில் அவள் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறாள்.

பரவாயில்லை. வயது குறைந்த பிள்ளை. நான் மன்னித்துவிட்டேன் என்று அவளிடம் சொல்லுங்கள்.